கண்ணாடி இல்லாத வீடு

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் கொல்லிமலை ஒரு நீண்ட மதில் போலத் தோன்றும். இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சாலை இல்லை. ஒற்றையடித் தடங்களும், நோயுற்றோரையும் பெண்களையும் சுமந்து செல்லும் டோலியுமே வழி. அவ்வழியே 1913ஆம் ஆண்டில் மணக்கோலம் மாறாத ஓர் ஆங்கிலப் பெண்மணி தம் கணவரோடு மேலே சென்றார். அப்போது அவருக்கு வயது 34. அந்த மலையிலேயே, கணவரின் கல்லறைக்கு அருகில், அவரை அடக்கம் செய்தபோது வயது 95.

எவ்லின் பிராண்ட் என்னும் இவ்வம்மையாரின் வாழ்வை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'கிரானி பிராண்ட்' என்ற பெயரில் 1976இல் நூலாக்கினார். அம்மையார் இறந்த 2 ஆண்டுகளுக்குள் வெளிவந்த நூல் அது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்த மேரி வர்கீஸ், எவ்லின் அம்மையாரின் மகனும் தொழுநோய் அறுவை மருத்துவருமான பால் பிராண்ட் ஆகியோரின் வரலாறுகளையும் இவரே எழுதியிருக்கிறார். நம் மண்ணில் நிகழ்ந்த இவ்வாழ்வு, நம் கத்தோலிக்க இல்லங்களில் பெரும்பாலும் அறியப்படாதது. அவர் பிரிந்த சபையைச் சேர்ந்தவர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பிரிந்த சகோதரர்களிடம் காணப்படும் உண்மையான கிறிஸ்தவச் செல்வங்களைக் கத்தோலிக்கர் மகிழ்ச்சியோடு மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு கேட்டுக்கொண்டது. அந்த மகிழ்ச்சியோடுதான் இந்நூலை அணுகுகிறோம். மகிழ்ச்சியோடு அணுகுவதற்குக் குறை காணாமல் அணுகுவது என்று பொருளில்லை.

முதலில் வாழ்வின் சுருக்கத்தைக் கூறிவிடுவோம். எவ்லின் ஹாரிஸ் 1879இல் இலண்டனில் வசதி மிக்க ஒரு வணிகர் குடும்பத்தில், பல பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். ஓவியம் பயின்றார். முப்பது வயதைக் கடந்த பின்னரே 'ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்' என்னும் சிறு சபையின் வழியாகச் சென்னைக்குக் கப்பலேறினார். அச்சபையின் பணியாளராக முன்பே வந்திருந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்ப நாட்டு நோய்களுக்கான மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். இருவரும் மணம்புரிந்து வாழவந்தி நாட்டில் குடியேறினர். சமவெளியில் அப்பணிக்குத் தளமாக விளங்கியது சேந்தமங்கலம். மலையில் மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர், தச்சு வேலையும் வேளாண்மையும் கற்பித்தனர், நற்செய்தி அறிவித்தனர். 1914இல் பால் பிறந்தார். பின்னர் கான்னி என்ற மகள். 1923இல் படிப்பிற்காக இரு பிள்ளைகளும் இங்கிலாந்தில் உறவினரிடம் விடப்பட்டனர். 1929 ஜூனில் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். அவருக்கு வயது 44. கைம்பெண்ணான எவ்லின் இங்கிலாந்து சென்று மீண்டும் திரும்பி வந்தார். சபை அவரைச் சமவெளிப் பணியில் அமர்த்தியது. எழுபதை நெருங்கிய வயதில் பதவி ஓய்வு பெற்று, எவருடைய ஊதியமும் இன்றி, தாமாகவே மலையேறினார். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய மலைத்தொடர்களில் நடந்தும் மட்டக்குதிரையில் ஏறியும் திரிந்தார். 1974 டிசம்பர் 18 அன்று இறைவனடி சேர்ந்தார்.

இந்த நெடிய பயணத்தை வாசகர் சலிப்பின்றித் தொடரும்படி சொல்லியிருப்பது நூலாசிரியரின் முதல் வெற்றி. அவர் அடிப்படையில் சமய நாடகங்கள் எழுதியவர். நிகழ்ச்சிகளைக் காட்சிகளாகவும் உரையாடல்களாகவும் அமைப்பதில் கைதேர்ந்தவர். நம் பழைய புனிதர் வரலாறுகளில் காணப்படும் ஒரு குறை இதில் இல்லை. அவ்வரலாறுகளில் புனிதர் தொட்டிலிலேயே புனிதர், பசித்தாலும் அழமாட்டார். வில்சன் காட்டும் எவ்லின் பிடிவாதக்காரர். அழகிய உடைகளை விரும்பி வளர்ந்தவர். பிறர் அறிவுரையை எளிதில் ஏற்காதவர். இக்குறைகளை அழித்துவிடாமல் அவற்றைக் கொண்டே இறைவன் பணி கொண்டார் என்று காட்டுவது, அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவு செய்கிறது என்னும் நம் இறையியல் மரபோடு முற்றிலும் இயைகிறது.

எனினும் இரண்டு இடங்களில் நாம் நூலாசிரியரோடு முரண்பட வேண்டியிருக்கிறது.

முதலாவது, பிள்ளைகளின் பிரிவு. 9 வயதுச் சிறுவனையும் அவனினும் இளைய சிறுமியையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பலேறினர். பால் அதன்பின் தந்தையைக் காணவே இல்லை. தந்தை இறந்துவிட்டார் என்ற தந்தி முதலில் வந்தது. கடல் வழியே வந்துகொண்டிருந்த தந்தையின் கடிதம் அதன்பிறகே மகன் கையில் சேர்ந்தது. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி மகனுக்கு எழுதுவது அவர் வழக்கம். இறந்தவரின் கையெழுத்தை உயிரோடு படித்த 14 வயதுச் சிறுவனின் நெஞ்சம் எவ்வாறு இருந்திருக்கும்! அடுத்துத் தாய் இங்கிலாந்து திரும்பியபோது, தாம் நினைவில் வைத்திருந்த நிமிர்ந்த அழகிய அன்னை, கூனிய, வாடிய ஒரு பெண்ணாக நிற்கக் கண்டு திகைத்ததாகப் பால் பிராண்ட் பின்னாளில் எழுதினார்.

மறைப்பணி வரலாறுகளுக்கு இத்தகைய இடங்களைத் 'தியாகம்' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடும் பழக்கம் உண்டு. இந்நூலும் அப்பழக்கத்திற்கு முற்றிலும் விலக்கன்று. யார் செய்த தியாகம் என்பதே நம் கேள்வி. பெற்றோர் தம் விருப்பத்தோடு பிரிந்தனர். பிள்ளைகளை எவரும் கேட்கவில்லை. தந்தை தாயை மிகுதியாக நேசிப்பவர் தமக்குத் தகுதியற்றவர் என்ற ஆண்டவரின் வாக்கை நாம் அறிவோம். தாய் தந்தையரைப் பேணுவதைக் காணிக்கையின் பெயரால் கைவிட்டோரை அதே ஆண்டவர் கடிந்துகொண்டதையும் அறிவோம். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போது எவ்லினின் முடிவு நமக்கு எளிதில் தீர்ப்பிட முடியாததாகிறது. வளைகுடா நாட்டிலே தந்தை, விடுதியிலே பிள்ளை, ஊரிலே பாட்டி என்று சிதறி வாழும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! அவர்களுக்கு இக்கேள்வி புத்தகக் கேள்வி அன்று. அக்காயத்தைச் சற்றே திறந்து காட்டியிருந்தால் நூல் இன்னும் உண்மையாகியிருக்கும். பால் பிராண்டே 1946இல் வேலூருக்கு வந்து தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை இந்நாட்டிற்குத் தந்தார். பிரிவு அவரைத் தாயிடமிருந்து நிரந்தரமாக விலக்கிவிடவில்லை. ஆனால் முடிவு நன்றாயிற்று என்பதால் வலி இல்லை என்றாகிவிடாது. வலியின்மையே தொழுநோயாளியின் கைகால்களை அழிக்கிறது என்று உலகிற்கு விளக்கியவர் அந்த மகன் அல்லவா?

இரண்டாவது முரண்பாடு, மலை மக்களைப் பற்றியது. கொல்லிமலை வாழ் மக்கள் தம்மை 'மலையாளிகள்' என்பர். மலையை ஆள்பவர் என்பது பொருள். கேரள நாட்டவர் அல்லர். அம்மலை சங்கப் புலவர்களால் பாடப்பெற்ற வல்வில் ஓரியின் மலை. கொல்லிப்பாவையின் மலை. அறப்பளீசுவரர் கோவிலும் அக்கோவிலின் இறைவனை முன்னிறுத்திய அறப்பளீசுர சதகமும் அதற்குண்டு. எவ்லினின் டோலி ஏறிய தடத்தில் அதற்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகளின் கால்கள் ஏறியிருந்தன. வில்சனின் நூல் மலைக்கு வெளியிலிருந்து ஏறுவது. ஆகவே மலை மக்கள் நோயாளிகளாகவும், அறியாமையில் உழல்வோராகவும், கேட்போராகவும் வருவது மிகுதி. அவர்கள் இவ்வம்மையாருக்குக் கற்றுக்கொடுத்தவை யாவை என்ற பக்கம் மெலிந்திருக்கிறது. எந்தத் தடத்தில் நடப்பது, எந்த மாதத்தில் எந்த ஓடை பெருகும், யார் வீட்டில் தங்குவது, எந்தச் சொல்லைச் சொன்னால் மனம் புண்படும் என்று சொல்லித்தந்தவர்கள் இல்லாமல் வெளியூர்ப் பெண் ஒருத்தி ஐந்து மலைகளில் ஒரு வாரமும் வாழ்ந்திருக்க முடியாது.

இக்குறையையும் மீறி ஒரு நிகழ்ச்சி ஒளிர்கிறது. முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய கொடிய விஷக்காய்ச்சல் 1918-19இல் மலையையும் எட்டியது. பிராண்ட் தம்பதியரை அதுவரை எதிர்த்துவந்த ஊர்ப் பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தனர். பிறர் அஞ்சி விலகிய வேளையில் ஜெஸ்ஸி சென்று கவனித்தார். சாகும் தறுவாயில் அப்பூசாரி தம் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். பல ஆண்டுகள் அறிவித்த போதனைக்குத் திறக்காத கதவு அன்று திறந்தது என்று நூல்கள் கூறும். நாம் மற்றொன்றையும் காண்கிறோம். தம் பகைவரைச் சரியாக அறிந்து, தம் குழந்தையை நம்பி ஒப்படைக்கத் துணிந்த அந்தத் தந்தையின் உள்ளமும் அங்கே பெரிதாக நிற்கிறது. அவரும் இக்கதையின் மாந்தரே.

இனி, இந்நூலின் இதயம் என்று நாம் கருதும் பகுதிக்கு வருகிறோம். 1947இல் எவ்லின் மீண்டும் ஐந்தாண்டுப் பணிக்கு அனுப்பும்படி கேட்டபோது, வயதைக் காரணம் காட்டிச் சபை மறுத்தது. ஓராண்டாவது அனுப்புங்கள் என்று மன்றாடினார். இசைந்தனர். அவ்வாண்டு முடிந்ததும் அவரை வழியனுப்ப வந்தவர்களிடம், தாம் சபைப் பணியிலிருந்து ஓய்வு பெறுவதாகவும், ஆனால் ஊர் திரும்பாமல் மலைக்குச் செல்வதாகவும் அறிவித்தார். கணவரும் அவரும் கனவு கண்ட ஐந்து மலைத்தொடர்களின் பணி இன்னும் தொடங்கவே இல்லை என்பது அவர் எண்ணம்.

பங்குப் பணியாளராகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு தயக்கம் எழத்தான் செய்கிறது. இது கீழ்ப்படியாமை அன்றோ? ஆழ்ந்து பார்த்தால் அன்று. கொடுத்த வாக்கின்படி ஓராண்டை நிறைவு செய்தார். சபையைப் பழித்துப் பேசவில்லை. அதன் பணத்தையும் கேட்கவில்லை. சபை அவருக்குக் கொடுத்திருந்த பதவியைச் சபையிடமே திருப்பிக் கொடுத்தார். சபை கொடுக்காத ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அது அழைப்பு. பதவிக்கு ஓய்வு வயது உண்டு. 75 வயது நிறைவுற்ற பங்குத்தந்தை பதவி விலகல் கடிதம் கொடுக்குமாறு நம் திருச்சபைச் சட்டமும் கேட்டுக்கொள்கிறது. திருமுழுக்கில் பெற்ற அழைப்புக்கு அத்தகைய சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. புனிதத்திற்கான அழைப்பு எல்லோர்க்கும் உரியது என்று சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏடு 1964இல் விளக்கியபோது எவ்லின் அம்மையார் 85 வயதில் மலைமேல் நடந்துகொண்டிருந்தார். அவ்வேட்டை அவர் படித்திருக்கமாட்டார். படித்திருந்தால், இதற்கு ஒரு சங்கம் கூட வேண்டுமா என்று கேட்டிருப்பார்.

திருத்தூதர் பவுலின் பெயரால் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில், கைம்பெண்கள் பட்டியலில் சேர்க்கப்படக் குறைந்தது 60 வயது வேண்டும் என்று இருக்கிறது. நாம் எதை முடிவென்று கருதுகிறோமோ அதைத் தொடக்கத் திருச்சபை ஒரு பணியின் தொடக்க வயதாகக் கொண்டது. கோவிலில் குழந்தை இயேசுவைக் கண்டு பிறருக்கு எடுத்துரைத்த அன்னாவும் முதிர்ந்த கைம்பெண்ணே. இவ்விருவர் வரிசையில் எவ்லின் இயல்பாக வந்து அமர்கிறார்.

இதை எழுதும்போது நம் மனச்சான்று நம்மைக் குத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்த ஓர் ஆசிரியை இருந்தார். கைம்பெண், எழுபது வயது கடந்தவர். புதிய பாடநூல்களோடு அவரால் ஈடுகொடுக்க முடியாது என்று எண்ணி, "போதும் டீச்சரம்மா, இனி வீட்டிலிருந்து ஓய்வெடுங்கள்" என்றோம். அன்பாகத்தான் சொன்னோம். "சரிங்க சாமி" என்று சொல்லி, வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார். அதன்பின் ஞாயிறு திருப்பலிக்கு வருவார். கடைசி இருக்கையில் அமர்வார். ஓராண்டில் மெலிந்துபோனார். முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த ஆண்டு புதுநன்மைக்கு எத்தனை பிள்ளைகள் என்பதே. எண்ணிக்கையைச் சொன்னோம். வேறொன்றும் சொல்ல நமக்குத் தெரியவில்லை. அன்று நம்மிடம் எவ்லினின் துணிவு அவருக்கு இல்லையே என்று வருந்துவது நேர்மையாகாது. கதவை மூடியது நாம்.

நூலின் பிற்பகுதியைப் படிக்கும்போது மகனின் எழுத்தையும் உடன்வைத்துப் படிப்பது நலம். பால் பிராண்ட், ஃபிலிப் யான்சியோடு இணைந்து மனித உடலின் வியத்தகு அமைப்பைப் பற்றி 1980இல் வெளியிட்ட நூலில் தாயைப் பற்றிய சில பக்கங்கள் உள்ளன. கடைசி இருபது ஆண்டுகளில் அம்மையார் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைக்க மறுத்துவிட்டார் என்கிறார் மகன். காய்ச்சல்களும் எலும்பு முறிவுகளும் வெயிலும் அம்முகத்தைச் சுருக்கங்களால் நிரப்பியிருந்தன. மூங்கில் கழிகள் இரண்டை ஊன்றியே நடந்தார். கீழே வந்து ஓய்வெடுங்கள் என்று மகன் கேட்டபோது, இறைவன் தேவைப்படும் இடத்தில் பயன்படாவிட்டால் இந்தப் பழைய உடலைக் காத்து என்ன பயன் என்ற பொருளில் விடை வந்ததாம். அவரைச் சூழ்ந்து அமர்ந்து கேட்கும் சிற்றூர் மக்களின் முகங்களே அவருக்குக் கண்ணாடியாயின என்று பால் பிராண்ட் முடிக்கிறார். வில்சன் பல நூறு நிகழ்ச்சிகளால் கட்டியதை மகன் ஒரே பொருளால், அதுவும் வீட்டில் இல்லாத ஒரு பொருளால், காட்டிவிடுகிறார். இலக்கியம் என்ற வகையில் மகனின் சில பக்கங்களே உயர்ந்தவை என்பது நம் முடிவு.

தமிழ் வாசகருக்கு இங்கே காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். கணவனுக்காகவே சுமந்த அழகு இனி வேண்டாம் என்று உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலையைத் தலையால் நடந்து சென்றடைந்தவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. முதுமையும் நடையும் பெண்மையும் ஒன்றுசேர்ந்த வடிவத்தை ஔவை என்ற பெயரிலும் நம் மரபு போற்றிவைத்திருக்கிறது. ஆகவே கழியூன்றி மலையேறும் மூதாட்டி நமக்கு அயலார் அல்லர். ஒரு வேறுபாடு உண்டு. காரைக்கால் அம்மையார் ஏறியது இறைவன் உறையும் மலை. ஏறிய பின் அவர் கேட்டது பிறவாமை. எவ்லின் ஏறியது புண்ணுக்கு மருந்து இல்லாத மனிதர் வாழும் மலை. மகன் எழுதிய மருந்துச் சீட்டைப் போலவே, மலையில் நடந்த ஒவ்வொரு காதமும் யாரோ ஒருவரின் உடலை நாடியது. மனுவுருவான இறைவனை நம்பும் நமக்கு அதுவும் இறைவனை நாடிய நடையே.

இப்பணியின் பயன் என்ன? மனமாற்றங்களை எண்ணிக் கணக்கிடும் பழக்கம் எல்லாச் சபைகளிலும் உண்டு. அக்கணக்கில் இவ்வாழ்வு பெரும் வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் நரம்புச் சிலந்தி நோயை எடுத்துக்கொள்வோம். மக்கள் படியிறங்கிக் கால் நனைக்கும் கிணற்றில், புண்ணிலிருந்து வெளிவரும் புழு தன் இளம் உயிர்களை விடும். அவற்றை விழுங்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் குடிநீரோடு மற்றவர் வயிற்றை அடையும். ஓராண்டில் ஒரு முழத்திற்கும் மேலாக வளர்ந்த புழு காலைத் துளைத்து வெளிவரும். மருந்தில்லை. நீரைத் துணியில் வடிகட்டுவதும், கிணற்றில் இறங்காதபடி சுவர் எழுப்புவதுமே வழி. இதை ஊர் ஊராகச் சொல்லிச் செய்வித்து, கொல்லிமலையில் அந்நோயை ஏறத்தாழ ஒழித்ததில் தம் தாய்க்குப் பங்குண்டு என்று மகன் எழுதுகிறார். இந்தியாவில் அந்நோயின் கடைசி நிகழ்வு 1996இல்; உலக நலவாழ்வு நிறுவனம் 2000இல் நாட்டை அந்நோயற்றது எனச் சான்றளித்தது. கிணற்றுச் சுவருக்கு மதம் இல்லை. அங்கே குடித்த குழந்தைக்கு வலி வரவில்லை. யாரால் என்று அதற்குத் தெரியவும் தெரியாது.

நிறைவாக, இந்நூலைப் படிக்கும்படி நம் வாசகர்களை, சிறப்பாக அன்னையர் அமைப்புகளை, வேண்டுகிறோம். அதைவிட முதன்மையான வேண்டுகோள் ஒன்றும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் என்று உலக நாள் ஒன்றை ஏற்படுத்தினார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. அந்நாளில் பொன்னாடை போர்த்தி, தேநீர் கொடுத்து, அனுப்பிவிடுவது நம் வழக்கமாகிவருகிறது. அன்று அவர்களிடம், இன்னும் எந்த வேலை முடியாமல் இருக்கிறது என்று கேட்டால் என்ன? விடை நமக்குச் சங்கடமாக இருக்கலாம். எவ்லினின் விடை அவர் சபைக்குச் சங்கடமாக இருந்தது போல.

நாம் அந்தப் பங்கை விட்டு மாறிவருமுன் டீச்சரம்மாவின் வீட்டிற்கு மீண்டும் ஒருமுறை சென்றோம். புதுநன்மைப் பிள்ளைகளில் படிக்கத் திணறும் மூவரைச் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பலாமா என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "எத்தனை மணிக்குங்க சாமி?" என்று கேட்டார்.